மூன்றாவது தரம்

சோடா விஷயத்தை அவள் இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

தையல் மெஷினுக்குப் பின்னால், வெட்டுத்துணி மூட்டையின் மறைவில் கணவர் வரிசையாக ஒளித்துவைத்த சோடா பாட்டில்களை அவள் கண்டுபிடித்ததைப் போன வாரப் பகுதியில் பார்த்தோம். அது நடந்து இப்போது இரண்டு மாதம். அன்றிலிருந்து தினமும் ஒரு காரியம் செய்துவந்தாள். கணவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து ஒவ்வொரு மூடியையும் திருகுவாள். உஸ்ஸென்று காற்று போகும். போய் முடியும்வரை காத்திருந்து, மறுபடி இறுக்கி மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். கேட்டால் சண்டை வரும். பேச முடியாத மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

பேச முடிந்த காலத்திலும் அவரிடம் அவள் ஜெயித்ததில்லை. மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர் அவர். மூட்டைகளுக்கு நடுவே நின்று அவர் "ஒரு தரம்" என்று ஆரம்பித்தால் கடைசிக் கடை வரைக்கும் கேட்கும். அந்தக் குரலோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் யார் எதிர்த்துப் பேச முடியும்? அதனால் சத்தமில்லாத வழிகளை அவள் கற்றுக்கொண்டாள். அவருக்குத் தெரியாமல் டீயில் சர்க்கரையைக் குறைப்பாள். பிடிக்காத சட்டையின் பித்தானைப் பிய்த்து, தைக்க நேரமில்லை என்பாள். முப்பது வருஷக் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

பிறகு அவர் தொண்டையில் புற்று வந்தது. தலைநகரத்து ஆஸ்பத்திரியில் குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் மூச்சுவிடுவது கழுத்தின் அடியில் இருக்கும் ஒரு துளை வழியாக. வீடு திரும்பும்போது அங்கே ஒரு நர்ஸ், "காரம் வேண்டாம், சோடா கீடா வேண்டாம்" என்று சொன்னாள். எவ்வளவு காலத்துக்கு என்று அவள் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

இன்று புதன்கிழமை. அவர் உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போகிற நாள். வழக்கமாக மகள்தான் கூட்டிக்கொண்டு போவாள்.

"அம்மா, இன்னைக்கு அப்பாகூட நீ போயிட்டு வாயேன். கடையில சரக்கு இறங்குது. லீவு கேட்டா முதலாளி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாரு."

"மூச்சுப் பயிற்சிக்கு நான் எதுக்குடி? மூச்சு அவருது."

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஏதோ ஒளிந்திருந்தது. "மூச்சுப் பயிற்சின்னு யாரு சொன்னா?"

"நீதானே சொன்னே?"

"நான் பயிற்சின்னு மட்டும்தான் சொன்னேன். மூச்சை நீயா சேர்த்துக்கிட்டே."

"அப்ப வேற என்ன?"

"போனாத் தெரியும்."

பதிலுக்கு நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். உள்ளே மணி அடித்தது. பழைய சைக்கிள் மணியை ஒரு மரக்கட்டையில் பொருத்தி மருமகன்தான் கொடுத்திருந்தான். ஒரு அடி என்றால் தண்ணீர். இரண்டு அடி என்றால் இங்கே வா. நீளமாக அடித்தால் கோபம்.

நீளமாக அடித்தது.

"வந்துட்டேன், வந்துட்டேன். உங்களுக்கு முன்னாடி நான் ரெடி."

அவர் தேய்த்த சட்டை போட்டு, அவள் தைத்த கழுத்துத் துணியைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். துளையை மறைக்கவும் தூசி போகாமலிருக்கவும் அந்தத் துணி. கையில் துணிப்பை. பைக்குள் பாட்டிலின் தோள் புடைத்துத் தெரிந்தது. நேற்று அவள் காற்றுப் பிடுங்கிய பாட்டில். அவள் பார்க்காததுபோல் கதவைப் பூட்டினாள். குடித்தால் குடிக்கட்டும், வெறும் தண்ணீர்தானே.

தெருமுனை மருந்துக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று கத்தினார். "அண்ணே! எப்படி! இருக்கீங்க!"

ஆபரேஷனுக்குப் பிறகு ஊரே இப்படித்தான். பேச்சுப் போனால் காதும் சேர்ந்து போய்விடும் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

அவர் உதட்டை அசைத்தார். சத்தம் வராது, உதட்டைப் பார்த்து அவள் சொல்ல வேண்டும்.

"நல்லா இருக்காராம். பசியெல்லாம் பரவாயில்லையாம். போன வாரம் கொஞ்சம் சளி, இப்ப சரியாயிடுச்சு. உங்க பையன் வேலை என்ன ஆச்சுன்னு கேக்குறாரு."

அவர் சொன்னது 'இருக்கேன்' என்ற ஒரே வார்த்தை. திரும்பி அவளைப் பார்த்தார். அவள் நடையை எட்டிப் போட்டாள்.

ஆரம்பத்தில் அது பாரமாக இருந்தது. அவருக்கும் சேர்த்துப் பேசி, வீட்டுக்கு வந்ததும் தொண்டை கட்டிக்கொள்ளும். பிறகு எந்தக் கட்டத்தில் அது பிடித்துப்போக ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் வீட்டுச் சம்பந்திகளிடம், வாடகைக்காரரிடம், டாக்டரிடம், எல்லா இடத்திலும் 'அவர் சொல்றாரு' என்று தொடங்கி அவள் நினைத்ததைச் சொல்லி முடிக்க முடிந்தது. யாரும் குறுக்கே பேசவில்லை. இதை யோசிக்கும்போதெல்லாம் அவள் மனசு சட்டென்று வேறு வேலைக்குத் தாவிவிடும். இப்போதும் தாவியது. கொடியிலிருந்து காணாமல் போகும் கழுத்துத் துணிகளை நினைத்துக்கொண்டாள். பத்துத் தைத்தால் நாலு மிஞ்சவில்லை. காற்று அடித்துக்கொண்டு போகிறதா, யாராவது எடுக்கிறார்களா? எடுத்து என்ன செய்வார்கள்?

ஆஸ்பத்திரி வாசலில் 'புற்றுநோய்ப் பிரிவு' என்று புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். இவருக்கு நோய் வந்தபோது இங்கே எதுவும் இல்லை. சதையைக் கிள்ளிச் சோதிக்கத் தலைநகரம், அதன் முடிவு வாங்கத் தலைநகரம், ஆபரேஷனுக்குத் தேதி கேட்கத் தலைநகரம். விடிய விடிய பஸ். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா குரலை விட்டுவெச்சிருக்கலாம்" என்று அங்கே டாக்டர் சொன்னபோது அவளுக்கு அந்த பஸ்களின் மேல்தான் கோபம் வந்தது. இப்போது மாதம் ஒருமுறை ஆபரேஷன் டாக்டர் இங்கேயே வருகிறார். மருந்து ஏற்றுவதும் இங்கேயே.

பயிற்சி அறை எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் இருந்தது. முன்பு உடைந்த கட்டில்களைப் போட்டுவைத்த அறை. இப்போது சுவருக்கு வெள்ளையடித்து, பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மூன்று ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று கழுத்திலும் அவள் தைத்த துணி. பள்ளிச் சீருடையில் மிஞ்சிய நீலக் கட்டம் ஒருவர் கழுத்தில். மகளின் பழைய பாவாடைப் பூ இன்னொருவர் கழுத்தில். ஓரத்தை இரட்டையாக மடித்து அடிக்கிற அவளுடைய தையல், எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

"இவரா?" என்று கணவரைப் பார்த்தாள். அவர் கூரையில் ஏதோ பழுது இருப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. நீங்கதான் டெய்லரக்காவா?" அந்த அறையைக் கவனிக்கிற பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நோயாளிகளுக்குத் துணையாக இருக்க ஆஸ்பத்திரி வேலைக்கு வைத்தவள், அதனால் எல்லோருக்கும் அவள் 'துணைப் பொண்ணு'. "கடையில கிடைக்கிறது கழுத்தை அறுக்குதுக்கா. அண்ணன் கொண்டுவந்து கொடுத்ததைக் கட்டின பிறகுதான் இவங்க வெளியிலயே தலை காட்டுறாங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னும் நாலு தெச்சிருப்பேனே" என்றாள்.

"சொல்லத்தானே அண்ணன் இங்க வர்றாரு!"

"என்னது?"

துணைப் பொண்ணு அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். "உங்க பாப்பா உங்ககிட்ட சொல்லவே இல்லையா? பேச்சுப் பயிற்சிக்கா இது. குரல்வளை இல்லாமயே பேசலாம். காத்தை வாயால பிடிச்சு உணவுக்குழாய்க்குள்ள தள்ளணும். அதை ஏப்பம் மாதிரி மேல கொண்டு வரணும். வர்ற ஏப்பத்துல வார்த்தையைச் சேர்க்கணும், அவ்வளவுதான். சொல்லித்தர்ற டாக்டரம்மா தூரத்துல இருக்காங்க, போன் திரையில வந்து பாடம் எடுப்பாங்க. இன்னைக்கு லைன் கிடைக்கல."

"ஏப்பத்துலயா?"

"பாருங்க." அவள் நீலக் கட்டக்காரரிடம் தலையசைத்தாள்.

அவர் தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். ஒரு மடக்குக் குடித்தார். கன்னத்தை ஒருமுறை இறுக்கினார். தவளை கரகரப்பதுபோல, ஆனால் தெளிவாக ஒரு சத்தம் வந்தது. "வ...ணக்கம்."

அவளுக்குப் புல்லரித்தது. சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அவள் அறிந்ததில்லை.

"அது என்ன பாட்டில்?" என்றாள்.

"சோடாக்கா. புதுசா கத்துக்கிறவங்களுக்கு அதுதான் கைப்பிடி. ஏப்பம் தானா மேல வரும், அது எந்த வழியா வருதுன்னு உடம்பு தெரிஞ்சுக்கும். பழகினதும் சோடாவே வேண்டாம்." துணைப் பொண்ணு குரலைத் தாழ்த்தினாள். "எல்லாருக்கும் வந்துடுச்சு. அண்ணனுக்கு மட்டும்தான் வரமாட்டேங்குது. ஒருத்தர் பாட்டில்ல இன்னொருத்தர் வாய் வைக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிப்பு, அதனால அவங்கவங்க வீட்டுலேருந்து கொண்டு வர்றாங்க. அண்ணன் கொண்டு வர்ற சோடாவுல காரமே, அதான் காத்தே, இருக்கிறதில்ல. பாப்பா ரெண்டு கடை மாத்திட்டா, பழைய சரக்கைத் தலையில கட்டுறியான்னு கடைக்காரரோட சண்டையே போட்டிருக்கா. அப்பவும் அப்படியேதான். அண்ணன் உடம்பே வேற மாதிரி போலன்னு டாக்டரம்மா குழம்பிப்போயிட்டாங்க."

அவள் கணவரைப் பார்க்கவில்லை. அவர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். மூடி சத்தமில்லாமல் சுழன்றது.

எத்தனை காலையில் இப்படித் திறந்திருப்பார். ஒன்றும் வராமல் எத்தனை முறை திரும்ப மூடியிருப்பார். மெஷினுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தனக்கு இது வராது என்று முடிவுசெய்துகொண்டு. சத்தமில்லாமல் ஒரு மனிதரைத் திருத்துவதில் அவள் தேர்ந்தவள். இந்த முறை அவள் எதைத் திருத்தினாள் என்பது இப்போதுதான் புரிந்தது.

அந்த நேரத்தில்தான் உள்ளூர்ப் பள்ளிக் கணக்கு வாத்தியார் ஒருவர் உள்ளே வந்தார். ஒல்லியான மனிதர், கையில் மடித்த குடை. கூடவே அவருடைய தங்கை.

துணைப் பொண்ணு அவசரமாக இவள் காதில் சொன்னாள். "சாருக்கும் அண்ணனுக்கு வந்த அதே வியாதி. நாளன்னைக்கு ஆபரேஷன் டாக்டர் வர்றாரு, பெட் ஒதுக்கியாச்சு. சார் மாட்டேங்குறாரு. இன்னைக்குள்ள சரின்னு சொல்லலைன்னா பெட் அடுத்த ஆளுக்குப் போயிடும். அடுத்த மாசம் வரைக்கும் அந்தக் கட்டி சும்மா இருக்குமா? அண்ணன் பேசினா சார் கேப்பாருன்னு நினைச்சேன். சந்தையில அண்ணன் குரலைக் கேக்காதவங்க யாரு?"

"அவருக்குத்தான் வரலைங்கிறியே."

"வராட்டியும் வந்து உக்காரட்டும்னுதான் கூப்பிட்டேன்."

வாத்தியாரின் தங்கை உட்காருவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டாள். "அண்ணனுக்கு ஆபரேஷனெல்லாம் ஒத்துவராதுங்க. பேசிப் பேசியே வாழ்ந்தவரு. வாய் பேசாம வகுப்புல போய் நிக்கிறதுக்குப் பதிலா இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்னு சொல்றாரு."

வாத்தியார் உப்புத்தாள் தேய்ப்பது போன்ற குரலில், "நான் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றார்.

"நீங்க சொல்லாட்டி என்ன, எனக்குத் தெரியாதா?"

இவளுக்குச் சுருக்கென்றது. மருந்துக்கடை வாசலில் நின்ற தன்னையே யாரோ எதிர் நாற்காலியில் உட்காரவைத்ததுபோல இருந்தது.

நீலக் கட்டக்காரர் வணக்கம் சொன்னார். வாத்தியார் மரியாதைக்குத் தலையசைத்தார். "இந்த ஒரு வார்த்தையை வெச்சு நான் கணக்குச் சொல்லித்தர முடியுமா?" என்றார். பிறகு இவள் கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க ஏலக்காரர்தானே? உங்க குரலைக் கேட்டிருக்கேன். எங்க, நீங்க ஒண்ணு சொல்லுங்க."

அவர் குடித்தார். கன்னத்தை இறுக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை. இன்னொரு மடக்கு. துணிக்கு அடியில் மூச்சு மட்டும் சீறியது. உதடு அசைந்தது, பழக்கத்தில் அவள் பக்கம் திரும்பினார், நீ சொல் என்பதுபோல.

அவள் அந்த உதட்டைப் படிக்கவில்லை. எழுந்துவிட்டாள்.

"இதோ வந்துடறேன்."

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை. "ஒரு சோடா கொடுங்க. காரமானதா. மேலே இருக்கிறது வேண்டாம், உள்ள இருக்கிறதுல எடுங்க."

"என்னக்கா, வயிறு உப்புசமா?"

"எனக்கில்ல."

குலுங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிறந்த குழந்தையைத் தூக்கி வருகிறவள்போல அவள் ரோட்டைக் கடந்தாள். சக்கர நாற்காலி தள்ளுகிறவர் வழிவிட்டு நின்றார்.

அறைக்குள் வந்தாள். வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்.

"சார், கொஞ்சம் உக்காருங்க" என்றாள். பாட்டிலைக் கணவரிடம் நீட்டினாள். "இதைத் திறங்க. இது... இன்னும் யாரும் திறக்காதது."

அவர் பாட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மூடியைத் திருகினார்.

உஸ்ஸ்.

அந்த ஓசை அவ்வளவு பெரியது என்று அவள் நினைத்ததேயில்லை. தினம் தினம் அவள் ரகசியமாகக் கேட்ட ஓசை. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஏதோ வந்து போனது. கோபமா, சிரிப்பா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. முன்பே சந்தேகப்பட்டாரா? இப்போதுதான் தெரிந்ததா? முப்பது வருஷத்துச் சர்க்கரையும் பித்தானும் சேர்த்தே தெரிந்துவிட்டதா?

ஒரு மடக்குக் குடித்தார். காத்திருந்தார். கன்னத்தை இறுக்கினார்.

அடிவயிற்றிலிருந்து பாறை ஒன்று புரண்டு வருவதுபோல ஒரு முரட்டு ஏப்பம் வந்தது. நீலக் கட்டக்காரர் கையைத் தட்டினார். துணைப் பொண்ணு, "அதேதான் அண்ணே, அதுலயே சேருங்க, அதுலயே" என்று துள்ளினாள்.

இன்னொரு மடக்கு. இந்த முறை அவர் வாத்தியாரை நேராகப் பார்த்தார். வலது கை தானாக மேலே எழுந்தது. சந்தையில் மூட்டைகளுக்கு மேலே எழுகிற அதே கை.

"ஒரு..." கரகரத்தது. ஒரு மடக்கு. "தரம்."

இது அந்தக் குரல் இல்லை. ஆனால் அந்தக் குரலின் நடை இருந்தது. கூட்டத்தை நிறுத்திவைத்து, யார் கேட்கப்போகிறாய் என்று தேடுகிற நடை. அவள் கண் கலங்கவில்லை. அவளுக்கு அடுத்த வார்த்தைக்கான ஆவல்தான் இருந்தது, அவர் எப்படிச் சொல்வார், எங்கே நிறுத்துவார் என்று.

"ரெண்டு..." மடக்கு. இறுக்கம். "தரம்."

கை காற்றிலேயே நின்றது. மூன்றாவதை அவர் சொல்லவில்லை. பாட்டிலில் பாதிக்கு மேல் சோடா இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. புருவத்தைத் தூக்கி வாத்தியாரைப் பார்த்தார். ஒதுக்கிய பெட்டை வேறு ஆள் கேட்கும் முன், கேட்கிறீர்களா?

"என்னண்ணா இது, விளையாட்டா?" என்று தங்கை சிலிர்த்தாள்.

வாத்தியார் அவளைக் கையமர்த்தினார். அவர் முகத்தில் தசைகள் ஒவ்வொன்றாக இளகின. பிறகு மெல்ல வலது கையை உயர்த்தினார், பாடம் நடக்கும்போது பின்பெஞ்சுப் பையன் உயர்த்துகிற மாதிரி.

"சரின்னு சொல்லல. ஒரு கேள்வி இருக்கு. இவர்கிட்ட மட்டும் கேக்கணும்." தயங்கினார். "பெண்கள் கொஞ்சம் வெளியில இருந்தா நல்லது."

இவள் வாயைத் திறந்தாள். 'அவர் என்ன சொன்னாலும் நான்தாங்க சொல்லணும், உதட்டைப் பார்த்து எனக்குத்தான் புரியும்' என்ற வார்த்தைகள் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. கணவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். மற்ற மூவரும் தேநீருக்கு எழுந்தார்கள். துணைப் பொண்ணு கதவைச் சாத்தினாள்.

வராந்தா பெஞ்சில் இவளும் வாத்தியாரின் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கதவுக்குப் பின்னால் உப்புத்தாள் தேய்ந்தது. நீளமான கேள்வி. பிறகு அமைதி. பிறகு தவளைக் கரகரப்பு, ஒன்று, இரண்டு. மறுபடி உப்புத்தாள்.

"என்ன கேட்டிருப்பாரு?" தங்கை கிசுகிசுத்தாள். "அக்கா, அந்தப் பக்கத்து ஜன்னல்கிட்ட போனா கேக்கும். உங்க வீட்டுக்காரர் பேசறது உங்களுக்குத்தானே புரியும், வாங்களேன்."

ஜன்னல் நாலு எட்டுதான். அதன் ஒரு கதவு பாதி திறந்தும் இருந்தது. வலிக்குமா என்று கேட்டிருப்பாரா? அதற்குப் பெண்களை ஏன் அனுப்ப வேண்டும்? வேறு ஏதோ. ஒரு ஆண் இன்னொரு ஆணிடம் கேட்கிற எதுவோ. அதற்கு அவர் என்ன பதில் சொல்கிறார்? அவளிடம் உதட்டை அசைத்துக்கூடச் சொல்லாத பதில் ஒன்று அவருக்குள் இத்தனை நாளாக இருந்ததா?

அவள் எழுந்தாள். ஜன்னல் பக்கம் ஒரு அடி வைத்தாள். பிறகு திரும்பி, வராந்தாவின் அந்தக் கோடியில், குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அங்கே எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு ஆவலாக அவள் எதையும் கேட்க நினைத்ததில்லை, அவ்வளவு தள்ளிப் போய் உட்கார்ந்ததும் இல்லை.

கதவு திறந்தபோது முதலில் வாத்தியார் வந்தார். குடையை உள்ளேயே மறந்துவிட்டிருந்தார். தங்கையிடம் எதுவும் சொல்லாமல் நேராகத் துணைப் பொண்ணிடம் போய், "டாக்டர் எத்தனை மணிக்கு வருவாரு?" என்று கேட்டார்.

"சார், அப்ப பெட்டு..."

"மணி மட்டும் சொல்லும்மா. மீதியை வீட்டுல ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு, சாயங்காலத்துக்குள்ள வந்து சொல்றேன்."

தங்கை திகைத்துப்போய் எழுந்தாள். "வீட்டுல நம்ம ரெண்டு பேரைத் தவிர வேற யாருண்ணா?"

வாத்தியார் நடந்துகொண்டேயிருந்தார்.

பின்னால் ஏலக்காரர் வந்தார். கையில் காலி பாட்டில். களைத்திருந்தார், நெற்றியில் வேர்வை. ஒரு முழுச் சந்தையையே விற்று முடித்த நாளில் வீட்டுக்கு வருவாரே, அந்த நடை.

"என்ன கேட்டாரு?" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். அவள் பழக்கத்தில் உதட்டைப் பார்த்தாள். உதடு அசையவில்லை. மெல்ல வாயை மூடிக்கொண்டார். காலி பாட்டிலை அவள் கையில் வைத்து, விரலால் இரண்டு முறை தட்டினார். இங்கே வா என்று சொல்கிற தட்டு.

இத்தனை மாதத்தில் அவர் எத்தனையோ நேரம் பேசாமல் இருந்திருக்கிறார். வேண்டுமென்றே பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

"சரி, சொல்லாட்டிப் போங்க" என்றாள். "ஆனா சோடாவை இனிமே மெஷின் மேலேயே வையுங்க. பின்னால குனிஞ்சு எடுக்க இடுப்பு வலிக்குது."

அவர் நின்றார். தோள் குலுங்கியது. கழுத்துத் துணி படபடத்தது. சத்தமே இல்லாமல் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.